தோட்டத்துப் பிள்ளைகளின் புற்றுநோயை யார் எண்ணுவது?

ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஐந்து வருடத்துக்குள், இருபது வயதைத் தாண்டாத மூன்று பேருக்குப் புற்றுநோய் கண்டதென்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறுமிக்கு இரத்தத்தில், ஒரு பையனுக்கு முழங்கால் எலும்பில், இன்னொருவனுக்கு மூளையில். சாவு வீட்டு வாசலில் பேச்சு இப்படித்தான் போகும்: "நம்ம தோட்டத்துல மட்டும் ஏன் இப்புடி?" ஒருவர் மருந்தடிப்பைச் சொல்வார். ஒருவர் பீலித் தண்ணியைச் சொல்வார். மலை உச்சியில் நட்ட தொலைபேசிக் கோபுரத்தை இன்னொருவர் கைகாட்டுவார். வயதானவர் யாராவது, எங்கள் காலத்தில் இப்படியொரு சீக்கைக் கேள்விப்பட்டதே இல்லை என்பார்.

இதைப் பாமரப் பேச்சென்று ஒதுக்குகிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். அதை அப்படியே தலைப்பாக்கிப் பரபரப்புச் செய்தி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் செய்யாமல் விடுவது ஒரே வேலையைத்தான்: யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் இளவயதினருக்குப் புற்றுநோய் கூடியிருக்கிறதா என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய பதிவுமுறை அங்கே அமையவில்லை. அது ஏன் அமையவில்லை, அமைந்தால் எதைத் தேட வேண்டும், அதுவரை எதற்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பவையே இக்கட்டுரையின் விடயம்.

மூன்று பேர் என்பது எவ்வளவு?

முதலில் ஒரு சிறு கணக்கு. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்து 2001 முதல் 2010 வரையான பத்தாண்டுகளை ஆராய்ந்தது. இருபது வயதுக்குட்பட்ட பத்து இலட்சம் பேரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 156 பேருக்குப் புற்றுநோய் வருவதாக அந்த ஆய்வு கண்டது. 1,500 பேர் வாழும் ஒரு தோட்டத்தில் அந்த வயதினர் 500 பேர் என்று கொண்டால், சராசரியாகப் பதின்மூன்று வருடத்துக்கு ஒருவர் என்று வரும். ஐந்து வருடத்தில் மூன்று பேர் என்பது தற்செயலாக நிகழ்வதற்கு ஏறத்தாழ 140 இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் பெருந்தோட்டக் கம்பனிகளின் கீழ் மட்டும் நாட்டில் 400க்கு மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. எல்லாம் ஏறக்குறைய இதே அளவு என்று எடுத்துக்கொண்டால், எந்த நஞ்சும் எந்தக் குற்றமும் இல்லாமலே, எந்த ஐந்து வருடத்தைப் பார்த்தாலும் இரண்டு மூன்று தோட்டங்களில் இப்படி நடந்திருக்கும். அந்த இரண்டு மூன்று தோட்டங்களின் பெயர்தான் நம் காதுக்கு வரும். மற்றத் தோட்டங்களில் ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "எல்லாம் தற்செயல், வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிடுவது அதிகாரிகளின் வழக்கம். கணக்குக்கு மறுபக்கமும் உண்டு என்பதை அவர்கள் சொல்வதில்லை. ஒரு தோட்டத்தில் நிஜமாகவே ஏதோ ஒன்று பிள்ளைகளின் ஆபத்தை இரட்டிப்பாக்கிவிட்டது என்று வையுங்கள். அங்கேகூட ஐந்து வருடத்தில் மூன்று பேர் என்ற நிலை வெளிப்பட நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து வாய்ப்புத்தான். ஆக, கலங்கிப்போன தோட்டத்தில் காரணம் எதுவும் இல்லாமல் இருக்கலாம், கலங்காத தோட்டத்தில் இருக்கலாம். தனித் தோட்டம் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டில் எது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. நூறு தோட்டங்களைச் சேர்த்து, பத்து வருடங்களைச் சேர்த்து எண்ணினால்தான் கேள்விக்கே உயிர் வரும்.

பிற ஊர்களில் தேடியவர்கள்

அமெரிக்காவில் இருபது ஆண்டு காலத்தில் நடந்த 428 ஊர்ப் புற்றுநோய் விசாரணைகளை மைக்கேல் குட்மனும் உடனாய்வாளர்களும் 2012 இல் மீளாய்வு செய்தார்கள். அவற்றில் 567 புற்றுநோய் வகைகள் ஆராயப்பட்டிருந்தன. 72 வகைகளில்தான் எண்ணிக்கை உண்மையில் கூடியிருந்தது. சந்தேகித்த காரணத்தோடு ஓரளவேனும் தொடர்பு காட்டியவை மூன்று. ஐயத்துக்கு இடமில்லாமல் காரணம் கண்டது ஒன்றே ஒன்று. பணமும் ஆய்வுகூடமும் பதிவேடும் எல்லாம் உள்ள நாட்டின் நிலையே இதுதான். ஆய்வாளர்கள் வந்து இறங்கினால் நஞ்சின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று நம்புகிற மக்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அதற்காகத் தேடுவதே வீண் என்று ஆகிவிடாது. மசாசுசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் ஊரில் ஆன் அண்டர்சன் என்ற தாய், தன் மகனைப் போலவே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இரத்தப் புற்று இருப்பதைக் கவனித்தார். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அவர் சொன்னதை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. அவரும் ஊர்ப் பாதிரியார் புரூஸ் யங்கும் சேர்ந்து நோயுற்ற பிள்ளைகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார்கள். 1979 இல் தொழிற்சாலைக் கரைப்பான் கலந்திருந்த இரண்டு ஊர்க் கிணறுகள் மூடப்பட்டன. பிந்திய அரசாங்க ஆய்வு, கர்ப்ப காலத்தில் தாய்மார் குடித்த அந்தத் தண்ணீருக்கும் பிள்ளைகளின் இரத்தப் புற்றுக்கும் தொடர்பைக் காட்டியது. விசாரணையைத் தொடக்கி வைத்த பெருமை எந்தத் திணைக்களத்துக்கும் உரியதல்ல, அந்தத் தாய்க்குத்தான்.

இங்கிலாந்தின் சீஸ்கேல் வேறு கதை. செலாஃபீல்ட் அணு ஆலைக்கு அருகிலுள்ள அந்தக் கிராமத்தில் பிள்ளைகளின் இரத்தப் புற்று கூடியிருப்பதை 1983 இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளிக்கொணர்ந்தது. கூடியிருப்பது உண்மை என்று 1984 இல் அரசு அமைத்த பிளாக் விசாரணைக் குழு ஒப்புக்கொண்டது. எல்லோரும் எதிர்பார்த்த கதிரியக்கக் காரணம் மட்டும் நிரூபணமாகவில்லை.

நமக்கு மிக நெருங்கிய பாடம் துருக்கியில் இருக்கிறது. கப்படோக்கியாப் பகுதியின் கராயின் கிராமத்தில் நுரையீரல் உறையில் வரும் அபூர்வப் புற்றுநோய் ஊரையே அள்ளிக்கொண்டு போனது. 1970களில் வைத்தியர் இஸ்ஸெத்தின் பாரிஷ் அதை ஆராய்ந்தார். வீடு கட்டிய கல்லில் இருந்த எரியோனைட் என்ற நார்க்கனிமமே காரணமென்று பின்னர் தெளிவாயிற்று. அதைவிட முக்கியமானது அடுத்த தகவல்: அந்தக் கிராமத்தில் பிறந்து சுவீடனுக்குக் குடிபெயர்ந்தவர்களும் பல ஆண்டுகள் கழித்து அதே நோயால் இறந்தார்கள். பிறந்த ஊரைக் கேட்டு எழுதாத பதிவேட்டில் அவர்கள் வெறும் சுவீடன் நோயாளிகள்.

எண்ணிக்கை கசியும் இடங்கள்

இலங்கையில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 1985 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 30,000க்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். ஆனால் இந்தப் பதிவேடு பெரும்பாலும் மஹரகம, கண்டி, பதுளை போன்ற இடங்களின் சிகிச்சை நிலையங்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் பட்டியலில் இருந்து உருவானது. ஒரு பிரதேசத்தில் வாழ்கிற ஒவ்வொருவரையும் கணக்கில் எடுத்து, அவர்களுள் யாருக்கு நோய் வந்தாலும் தேடிப்பிடித்து எழுதுகிற மக்கள்தொகைப் பதிவேடு 2012 இல் கொழும்பு மாவட்டத்தில்தான் தொடங்கியது. வைத்தியசாலை வாசலில் நின்று எண்ணினால் வாசல்வரை வந்தவர்கள்தான் கணக்கில் வருவார்கள்.

மஸ்கெலியாவில் ஒரு லயத்துப் பையனுக்கு நோய் வந்து மஹரகம அபேக்‌ஷா வைத்தியசாலை வரை போகிறான் என்று வையுங்கள். அங்கே விலாசம் கேட்பார்கள். லயக்காம்பராவுக்குத் தனி விலாசம் ஏது? தோட்டத்துப் பெயர், டிவிசன் பெயர், அஞ்சல் நகரம் என்று அவன் அப்பா சொல்வார். எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதுவார். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நம் வாயில் இன்னொரு பெயர். கடைசியில் "ஹற்றன்" என்பது மட்டும் மிஞ்சினாலும் ஆச்சரியமில்லை. ஹற்றன் அஞ்சலின் கீழ் எத்தனை தோட்டம்! வியாதி எந்த மலையில் என்பது அந்த ஒரு சொல்லோடு மறைந்துபோகும்.

பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போனவர்களின் கதை இதைவிட மோசம். புறக்கோட்டைக் கடைகளிலும், உணவகங்களிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், மாடி வீடுகளின் சமையலறைகளிலும் இருப்பது நம் இளவயதினரில் பெரும் பகுதி. அங்கே வைத்து நோய் கண்டால் முதலாளியின் விலாசமோ விடுதி விலாசமோ பதிவாகும். அப்படிப் பதிவானவர் கொழும்பு மாவட்டத்து நோயாளி. ஆராயப்போகிறவர் நுவரெலியாவின் பட்டியலைத் திறக்கும்போது மலையகத்து இளைஞர்கள் ஆரோக்கியமாக இருப்பதாகத் தெரியும்.

வைத்தியசாலைக்கே போகாதவர்கள் மூன்றாவது கசிவு. இரத்தப் புற்று வந்த பிள்ளை முதலில் வெளிறிப்போகும், சோர்ந்து படுக்கும், அடிக்கடி காய்ச்சல் வரும். தோட்டத்தில் வெளிறிப்போகாத பிள்ளை யார்? 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாட்டளவில் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம். இரத்தச்சோகையும் போசாக்கின்மையும் ஊறிய இடத்தில் வெளிறிய பிள்ளைக்கு இரும்புச்சத்துப் பாணி கொடுத்து அனுப்புவது டிஸ்பென்சரியில் யாரும் செய்யக்கூடியதே. இரத்தப் பரிசோதனைக்கு நேரத்தோடு நகரத்துக்குப் போகாவிட்டால், அந்தப் பிள்ளை காய்ச்சலில் செத்ததாகவே ஊர் சொல்லும். வீட்டில் நிகழும் மரணத்துக்குக் காரணம் எழுதுவது பெரும்பாலும் வைத்தியர் அல்ல. வீட்டார் சொன்னதைக் கேட்டுப் பதிவாளர் எழுதுகிறார்.

ஆகவே என் பயம் ஊர்ப்பேச்சுக்கு நேர் எதிரானது. 2012 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுவதும் தோட்டத் துறையில் ஏறத்தாழ 9 இலட்சம் பேர் இருந்தார்கள். முன்சொன்ன உலகச் சராசரியை வைத்தால், அவர்களுள் இருபது வயதுக்குட்பட்ட ஐம்பது பேருக்காவது ஆண்டுதோறும் புற்றுநோய் வர வேண்டும். ஒரு நாள் யாராவது முறையாகத் தேடிப்போய், இருபதோ முப்பதோ பேர்தான் இருக்கிறார்கள் என்று கண்டால், அதை நல்ல செய்தி என்று அறிவிப்பார்கள். அதைவிடக் கெட்ட செய்தி இருக்க முடியாது. மற்றப் பிள்ளைகள் நோய்க்குப் பெயர் வைக்கும் முன்னரே போய்ச் சேர்ந்தார்கள் என்பதே அதன் பொருள். குழந்தைப் பருவ இரத்தப் புற்றில் பெரும்பான்மையைக் குணப்படுத்த முடிகிற காலம் இது. 2030க்குள் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் குறைந்தது 60 சதவீதத்தினராவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் இலக்கு வைத்தது. எண்ணப்படாத பிள்ளை அந்தச் சதவீதத்தின் மேலேயும் வராது, கீழேயும் வராது.

வாயைத் திறந்து பார்த்தால்

பிள்ளைகளின் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரியாது. இளைஞர்களைப் பொறுத்தவரை மலையகத்தில் காரணம் தெளிவாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது, அது கண்ணுக்கு முன்னால் சிவப்பாகத் துப்பப்படுகிறது. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். தோட்டத்தில் இது பெண்களையும் விடுவதில்லை, ஏனென்றால் வெற்றிலை அங்கே ஆண் பெண் பார்ப்பதில்லை.

மலையில் ஏன் வெற்றிலை போடுகிறார்கள் என்று கேட்டால் சொல்கிற பதில் எல்லாத் தோட்டத்திலும் ஒன்றுதான்: "பசி தெரியாது, குளிரு தெரியாது." காலையில் பிரட்டுக்களத்தில் நின்ற பிறகு மழையிலும் பனியிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து நிறை காட்டும் வரை வயிற்றுக்குத் தாக்குப்பிடிக்க இடுப்பு முடிச்சில் இருப்பது அந்த ஒரு வாய் வெற்றிலைதான். பாட்டி போடுவதைப் பேத்தி பார்க்கிறாள். பையன்கள் வெற்றிலைக்குக்கூடப் போவதில்லை, கடையில் தொங்கும் பாபுல் பொட்டலத்துக்குப் போகிறார்கள். மெல்லும் புகையிலைப் பொருட்களை இலங்கை 2016 இல் தடைசெய்தது. தடை கொழும்பில் இருந்து மலையேறி வருவதற்குள் பொட்டலம் கடையின் முன்பக்கத்தில் இருந்து பின்பக்கத்துக்கு மாறியிருக்கும்.

புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே என்பவர்கள் அதிகம். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில் திட்டமாகச் சொல்லிவிட்டது. பாக்கு மெல்கிறவர்களின் கன்னத்து உட்தோல் நாராக இறுகிப்போகும் நோயொன்று உண்டு. இருபதுகளிலேயே வரும். முதல் அறிகுறி வலி அல்ல, காரம் தாங்காமை. ரொட்டியும் கட்டச் சம்பலுமாக வளர்ந்தவன் ஒருநாள் சம்பலை ஒதுக்கி வைக்கிறான், வாய் எரிகிறது என்கிறான். பிறகு கொட்டாவி முழுதாக விட முடியாது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட முடிகிறதா என்பதே பல் வைத்தியர் செய்யும் எளிய சோதனை. இரண்டு விரல்தான் போகிறது என்றால் நோய் முற்றத் தொடங்கிவிட்டது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயாளிகளைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 7.6 சதவீதத்தினருக்கு அது புற்றுநோயாக மாறியதாக 1985 இல் அறிக்கை வந்தது.

வாய்ப் புற்றைத் தேடிப் பார்ப்பது மலையகத்துக்குப் புதிதல்ல. ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் வாய்ப் புற்றையும் அதற்கு முந்திய நிலைகளையும் அவர்களே கண்டுபிடிக்க முடியும் என்பதைச் சமன் வர்ணகுலசூரியவும் குழுவினரும் இலங்கையில் செய்து பார்த்து 1984 இல் எழுதினார்கள். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாயை மட்டும் நோக்கிய பேராதனை ஆய்வாளர்களின் கட்டுரை 2007 இல் வந்தது. வாய்ப் புற்று இளவயதினரிலும் முதியோரிலும் எப்படி வேறுபடுகிறது என்பதை ஆராய்ந்த இலங்கைக் கட்டுரை அதற்கு முந்திய ஆண்டில் வந்தது. ஆக ஆய்வு இருக்கிறது. ஆய்வில் கண்டதை டிவிசன் டிவிசனாகக் கொண்டுபோகும் ஆள்தான் இல்லை.

கொண்டுபோனால் பலன் உண்டா என்ற கேள்விக்கும் விடை வந்துவிட்டது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகைக்கிற, மெல்லுகிற, குடிக்கிறவர்களிடையே வாய்ப் புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததாக ரங்கசாமி சங்கரநாராயணன் குழுவின் அறிக்கை 2005 இல் வந்தது. தேவைப்பட்டவை ஒரு டார்ச் லைட்டும் பழகிய கண்ணும்தான்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். வெற்றிலையைப் பற்றிப் பேசினால் துரைமாருக்கு வசதி. எல்லாம் தொழிலாளியின் கெட்ட பழக்கம் என்று கைகழுவிவிடலாம். பசிக்கு மெல்லுகிறவளிடம் மெல்லாதே என்று சொல்கிற முன், பத்து மணிக்கு அவளுக்குச் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கிற கடமை கம்பனிக்கு உண்டு.

மருந்தும் செக்ரோலும்

ஊர் முதலில் சந்தேகிப்பது புல்லு மருந்தைத்தான். சந்தேகம் நியாயமானது. மருந்தடிக்கப் போவது பெரும்பாலும் இளவயது ஆண்கள். முதுகில் மாட்டிய டேங்கின் மூடி சரியாக இறுகாவிட்டால் ஏற்ற இறக்கத்தில் குனிந்து நிமிரும்போது கலவை வழிந்து முதுகை நனைக்கும். கொடுத்த முகமூடியும் கையுறையும் மூச்சு முட்டுகிறதென்று ஓரமாகக் கிடக்கும், பல இடங்களில் கொடுப்பதே இல்லை. வேலை முடிந்ததும் டேங்கைக் கழுவுவது ஓடையில். கீழ் டிவிசனுக்குத் தண்ணி போவது அதே ஓடையில். கர்ப்ப காலத்தில் தாய் தொழில்வழியாகப் பூச்சிகொல்லிகளோடு பழகுவதற்கும் பிள்ளையின் இரத்தப் புற்றுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. மருந்தடித்த மலையில் வயிற்றுப் பிள்ளையோடு கொழுந்து பறிப்பவளை இது நேரடியாகத் தொடுகிற விடயம்.

ஆனால் எந்த மருந்து? கிளைபோசேட் என்ற களைகொல்லியைச் சர்வதேச முகவரகம் 2015 மார்ச்சில் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்று வகைப்படுத்தியது. அமெரிக்க விவசாயக் குடும்பங்களை 1993 முதல் பின்தொடரும் பெரிய ஆய்வோ அப்படியொரு தொடர்பைக் காணவில்லை என்று 2018 இல் எழுதியது. சர்ச்சை ஓயவில்லை. இலங்கை அதை 2015 இல் தடைசெய்ததற்குக் காரணம் புற்றுநோயோ மலையகமோ அல்ல, வடமத்திய மாகாணத்து விவசாயிகளின் சிறுநீரக நோய். 1990களில் கவனத்துக்கு வந்த அந்நோய்க்கு ஒரே காரணத்தை இன்றுவரை யாராலும் நிறுவ முடியவில்லை. வரண்ட வலயத்து நோய்க்காக வந்த தடை, குளிர் மலைத் தோட்டத்தில் விழுந்தது. களை முழங்காலளவு வளர, தோட்டங்கள் வேறு களைகொல்லிகளை நாடின. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீங்கியது. 2021 இல் எல்லா விவசாய இரசாயனங்களும் நின்றன. 2022 இல் கிளைபோசேட் திரும்பி வந்தது. முன்னைய தலைமுறை அடித்த பரகுவாட்டோ அதற்கு முன்பே போய்விட்டது. இப்படி வருடத்துக்கு வருடம் மாறியதால், "மருந்துதான் காரணம்" என்று மொத்தமாகச் சொல்வதில் பயனில்லை. யார், எந்த வருடம், எந்த மலையில், எதை அடித்தார் என்று தெரிந்தால்தான் ஆய்வு நகரும்.

அந்தத் தகவல் எங்கோ இருக்கிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த, அதே நேரம் எரிச்சலூட்டும் உண்மை. தோட்டத்தில் செக்ரோல் என்றொரு புத்தகம் உண்டு. எந்தத் தொழிலாளி எந்த நாளில் எந்த வேலைக்குப் போனார், முழுப் பேரா அரைப் பேரா என்பது அதில் ஆள்வாரியாக எழுதப்படும். மருந்தடிப்பு தனி வேலை, அதற்குத் தனிக் கணக்கு. களஞ்சியத்தில் இருந்து எத்தனை லீற்றர் எடுத்தார்கள் என்பது இன்னொரு புத்தகம். சேமலாப நிதி இலக்கம் ஆளுக்கு ஒன்று. உலகத்தில் பிற இடங்களில் ஆய்வாளர்கள், "முப்பது வருடத்துக்கு முன் என்ன அடித்தீர்கள்?" என்று கிழவர்களின் ஞாபகத்தைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, இங்கே சம்பளம் கொடுப்பதற்காக நாள்தோறும் எழுதிய ஆவணம் இருக்கிறது. கொழுந்தைக் கிராம் தவறாமல் நிறுத்து எழுதிய தொழில் இது. அந்தப் புத்தகங்கள் கரையானுக்கும் பழைய கடதாசிக் கடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். புகைபோக்கி இல்லாத லயத்து அடுப்பின் விறகுப் புகையும், 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் தேத்தண்ணியும் முகவரகத்தின் "அநேகமாக" என்ற பட்டியலில் உள்ளன. கசிப்பும் சாராயமும் திட்டமான பட்டியலில் உள்ளன. இவற்றின் விளைவு பெரும்பாலும் நடுத்தர வயதில் தெரியும். கர்ப்பப்பை வாசல் புற்றுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே போடப்படுவது தோட்டப் பிள்ளைகளுக்கும் கிடைத்த உருப்படியான நன்மை. தொலைபேசிக் கோபுரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், அந்தக் கவலையை முதலில் பீலிக்கு மேலேயுள்ள மருந்து கழுவும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

செய்யக்கூடியது

வைத்தியசாலைக்கு மக்கள் வராத இடத்தில் பதிவேடு எப்படி நடத்துவது என்பதற்கு இந்தியாவில் முன்மாதிரி உண்டு. மகாராட்டிரத்தின் பார்சியில் 1987 இல் கிராமப்புறத்துக்கென்றே முதல் பதிவேடு தொடங்கியது. ஊழியர்கள் கிராமம் கிராமமாகப் போய் அறிகுறி உள்ளவர்களை விசாரித்தார்கள், வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள், பிறகு எழுதினார்கள். எண்ணுகிற வேலையே நோயைக் கண்டுபிடிக்கிற வேலையாகவும் ஆனது. மலையகத்தில் இதற்கென்று புது ஆட்களைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பெயர் பெயராகத் தெரிந்த குடும்ப நல உத்தியோகத்தர் இருக்கிறார். பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர் இருக்கிறார். இரண்டு வாரமாக வெளிறிக் கிடக்கிற பிள்ளை எந்த லயத்தில் என்று அவர்களுக்குத் தெரியும். அதை எழுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப ஒரு படிவமும், பெற்றோர் கண்டிக்குப் போகும் நாளுக்குப் பேர் போடும் ஒரு சுற்றறிக்கையும் போதும்.

ஒப்பிடுவதற்கு ஒரு வாய்ப்பும் நம்மிடம் இருக்கிறது, உலகத்தில் வேறு பலருக்குக் கிடைக்காதது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர் பக்கத்தில், தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களிலேயே குடியேற்றப்பட்டார்கள். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு நாட்டுத் தேயிலை மலைகளில் வளர்கிறார்கள். தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1982 முதல் சென்னையிலும், 2012 முதல் மாநிலம் முழுவதற்குமாகவும் பதிவேடு நடத்துகிறது. நுவரெலியாவிலும் ஒரு பதிவேடு வந்தால், இரத்தம் ஒன்றாகவும் தண்ணீரும் மருந்தும் வேறாகவும் உள்ள இரு கூட்டத்தாரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தொழிற்சங்கங்களிடம் மூன்று கோரிக்கைகள். ஒன்று, செக்ரோல்களையும் மருந்துக் களஞ்சியக் கணக்குகளையும் அழிக்கத் தடை கேளுங்கள். அடுத்தது, புற்றுநோய் சிகிச்சை நிலையங்களின் படிவத்தில் "சொந்தத் தோட்டம்" என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். இருக்கிற இடத்தோடு பிறந்து வளர்ந்த டிவிசனும் எழுதப்படட்டும். மூன்றாவது, கொழும்பு மாவட்டத்தில் 2012 இல் தொடங்கிய மக்கள்தொகைப் பதிவேட்டை நுவரெலியாவுக்கும் கேளுங்கள். சம்பள உயர்வைப் போல இதற்கு வருடா வருடம் பேரம் பேச வேண்டியதில்லை, ஒரு தடவை வாங்கினால் நிற்கும்.

பதிவேடு வர வருடங்கள் ஆகும். வாய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது. காரம் எரிகிறதா, வாய் முழுதாகத் திறக்கவில்லையா, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறதா, நுவரெலியாவிலோ டிக்கோயாவிலோ உள்ள அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். அங்கே பார்ப்பதற்குப் பணம் வாங்குவதில்லை.